பரிசு வாங்கிய புத்தகம், கொட்டாவி விடும் வாசகர்

விருது முத்திரை பதித்த அட்டைகள் புத்தகக் கடைகளை நிறைக்கின்றன. அவற்றில் எவை கடைசிப் பக்கம்வரை படிக்கத் தக்கவை? முகதாட்சண்யம் பார்க்காத வாசகரின் தீர்ப்பு.

எண்பது வயதுக் கிழவி ஒருத்தி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். கணவன் இறந்துவிட்டான். எழுந்திருக்க மனமில்லை. மகன் கூப்பிடுகிறான், மகள் கெஞ்சுகிறாள், பேரன் வேடிக்கை காட்டுகிறான். பக்கங்கள் புரள்கின்றன, கிழவி அசைவதாக இல்லை. படித்துக்கொண்டிருப்பவருக்கும் ஏறக்குறைய அதே நிலைமைதான். புத்தகத்தை மூடிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ளலாமா என்று தோன்றுகிறது.

இந்தியில் கீதாஞ்சலி ஸ்ரீ எழுதி 2018இல் வெளியான 'ரேத் சமாதி' என்ற நாவலின் தொடக்கம் இது. டெய்சி ராக்வெல்லின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2022இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது. இந்திய மொழி ஒன்றிலிருந்து சென்ற நூலுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. செய்தி வந்த வாரத்தில் கடைகளில் பிரதிகள் பறந்தன. எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதைப் பதிப்பாளர்கள் சொல்வார்கள். எத்தனை பேர் படித்து முடித்தார்கள் என்பதைச் சொல்ல யாரும் இல்லை.

அந்தக் கேள்வியைக் கேட்பது நாகரிகம் அல்ல என்றுதான் இலக்கிய உலகம் நினைக்கிறது. பின்னட்டையில் சக எழுத்தாளரின் புகழுரை. வெளியீட்டு விழாவில் மாலையும் பொன்னாடையும். இலக்கிய விழா மேடையில் பரஸ்பரப் பாராட்டு. மதிப்புரை எழுதுபவரும் நாளை ஒரு புத்தகம் வெளியிட வேண்டியவர் என்பதால் பேனா சற்றுத் தயங்குகிறது. இந்த உபசாரங்களுக்கு நடுவே காசு கொடுத்து வாங்கியவரின் குரல் மட்டும் எங்கும் பதிவாவதில்லை.

இங்கே வாசகர் எனப்படுபவர் பேராசிரியர் அல்ல, விமர்சகரும் அல்ல. டெல்லி கரோல்பாக்கிலோ மும்பை மாட்டுங்காவிலோ பெங்களூர் மல்லேஸ்வரத்திலோ குடியிருப்பவர். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் புத்தகம் வாங்குபவர். மின்சார ரயிலிலும் மெட்ரோவிலும் படிப்பவர். எந்த எழுத்தாளரும் அவருக்கு நண்பர் இல்லை. ஆகவே, அவருக்கு இழப்பதற்கும் ஒன்றும் இல்லை.

பரிசுகளின் பருவம்

பரிசுகள் அவரை வெகுவாக மாற்றியிருக்கின்றன என்பதை மறுக்க முடியாது. 25 லட்சம் ரூபாய் கொண்ட ஜே.சி.பி. இலக்கியப் பரிசு 2018 முதல் 2024 வரை ஏழு நூல்களுக்குக் கிடைத்தது. அவற்றில் ஐந்து மொழிபெயர்ப்புகள்: மலையாளத்திலிருந்து பென்யாமின், எஸ். ஹரீஷ், எம். முகுந்தன், உருதுவிலிருந்து காலித் ஜாவேத், தமிழிலிருந்து பெருமாள்முருகன். நேரடியாக ஆங்கிலத்தில் எழுதி வென்றவர்கள் இருவரே: மாதுரி விஜய், உபமன்யு சாட்டர்ஜி. இந்திய இலக்கியம் என்றால் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் என்று டெல்லிக் கடைக்காரர்கள் எண்ணியிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது தலைகீழ் மாற்றம்.

ஆனால் பரிசு என்பது நடுவர்கள் சிலர் ஓர் ஆண்டில் ஓர் அறையில் செய்த முடிவு. அது சிபாரிசுக் கடிதம்; உத்தரவாதச் சீட்டு அல்ல. ஆகவே நமது வாசகர் புத்தகத்தை எடுத்ததும் செய்யும் முதல் காரியம், அட்டையிலுள்ள வட்ட முத்திரையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வது.

அப்படி மறைத்துக்கொண்டு படித்தால் 'ரேத் சமாதி' எப்படி? முதல் பகுதி பொறுமையைச் சோதிக்கிறது. வார்த்தை விளையாட்டுகள் இந்தியில் சங்கீதமாக ஒலிக்கலாம்; ஆங்கிலத்தில் சில இடங்களில் மூச்சு வாங்குகிறது. இந்தியில் 400 பக்கத்துக்குள் அடங்கிய நாவல் ஆங்கிலத்தில் 700 பக்கங்களைத் தாண்டுகிறது. ஆனால் கிழவி எழுந்துவிட்ட பிறகு புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. மகன் வீட்டை விட்டு மகள் வீட்டுக்குப் போகிறாள். ரோஸி என்ற திருநங்கையோடு தோழமை கொள்கிறாள். முடிவில் எல்லையைக் கடந்து பாகிஸ்தானுக்கே போய்விடுகிறாள், பிரிவினைக்கு முன் தான் வாழ்ந்த வாழ்வைத் தேடி. மருமகளின் முணுமுணுப்பு, ஓய்வு பெறப்போகும் அதிகாரியான மகனின் தோரணை, சுதந்திரமாக வாழும் மகளுக்குத் தாய் வந்து சேர்ந்ததும் ஏற்படும் எரிச்சல் ஆகியவற்றை இவ்வளவு துல்லியமாக எழுதியவர்கள் குறைவு. வாசகரின் தீர்ப்பு: கால் பங்கு வெட்டியிருக்கலாம், ஆனால் வெட்டாததற்காகப் படிக்காமல் விட்டுவிட வேண்டாம்.

ஹாசனிலிருந்து ஒரு குரல்

2025இல் அதே சர்வதேச புக்கர் பரிசு கன்னடத்துக்கு வந்தது. ஹாசனைச் சேர்ந்த வழக்கறிஞரும் பண்டாய இயக்கத்தில் உருவான எழுத்தாளருமான பானு முஷ்தாக்கின் 12 சிறுகதைகள், தீபா பாஸ்தியின் மொழிபெயர்ப்பில் 'ஹார்ட் லேம்ப்' என்ற பெயரில் தொகுக்கப்பட்டவை. சிறுகதைத் தொகுப்பு ஒன்று இந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. பரிசுத் தொகையான 50,000 பவுண்டை ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வது இந்தப் பரிசின் விதி. மொழிபெயர்ப்பாளரின் பெயரை அட்டையில் போடவே யோசிக்கும் நாட்டில் அது கவனிக்க வேண்டிய கணக்கு.

கதைகள் எப்படி? தலைப்புக் கதையில் கணவன் வேறொருத்தியோடு போய்விட, கைக்குழந்தையோடு தாய்வீடு வருகிறாள் மெஹ்ருன். அண்ணன்மார்கள் அவளை உட்கார வைத்துச் சோறுபோடுவதற்குப் பதில் வண்டியேற்றித் திருப்பிக் கொண்டுபோய் விடுகிறார்கள். மண்ணெண்ணெய் டின்னைக் கையில் எடுக்கும் தாயை மூத்த மகள் எப்படித் தடுக்கிறாள் என்பதோடு கதை முடிகிறது. மதம் வேறாக இருக்கலாம். தாய்வீட்டு வாசலில் நின்ற பெண்ணை 'அனுசரித்துப் போ' என்று திருப்பியனுப்பிய அனுபவம் எந்தச் சாதியில், எந்த ஊரில் இல்லை? படிக்கும் பெண்களுக்கு உரை எழுத வேண்டிய அவசியமே இல்லாத கதை இது.

சிரிப்புக்கும் குறைவில்லை. 'சிவப்பு லுங்கி' கதையில் கோடை விடுமுறையில் மொத்தமாக நடக்கும் சுன்னத்துச் சடங்கு. ஏழைப் பையன்களுக்கு நாவிதர், பணக்கார வீட்டுப் பையனுக்கு டாக்டர். யாருடைய புண் சீக்கிரம் ஆறுகிறது என்பதில்தான் ஆசிரியரின் குறும்பு. தொழுகை விரிப்பு பாழான துக்கத்தில் ஒடிந்துபோன மூதாட்டிக்குப் பெப்சியைக் கொடுத்துச் சொர்க்கத்துப் பானம் என்று நம்பவைக்கும் கதையும் அப்படியே. சிரித்து முடிப்பதற்குள் தொண்டை அடைக்கிறது.

குறையையும் சொல்லவேண்டும். சில கதைகளில் ஆசிரியருக்குள் இருக்கும் வழக்கறிஞர் எழுந்து நின்று வாதாடத் தொடங்கிவிடுகிறார். ஆண்களில் பலர் ஒரே அச்சில் வார்த்தவர்கள். ஒரே மூச்சில் 12 கதைகளையும் படித்தால் ஒரே வழக்கின் 12 வாய்தாக்கள் போலத் தோன்றும். வாரத்துக்கு ஒன்று என்று படிப்பதே நல்லது. சொல்லுக்கு அடிக்குறிப்பு போடாமல், கன்னட, உருது, அரபுச் சொற்களைச் சாய்வெழுத்தில் ஒதுக்காமல் விட்டிருக்கும் தீபா பாஸ்தியின் துணிச்சலுக்குத் தனிச் சபாஷ். தெற்கத்திய வாசகருக்கு அந்த ஆங்கிலம் பக்கத்து வீட்டுப் பேச்சாகவே கேட்கிறது.

மீசையும் நிலமும்

மலையாள எழுத்தாளர் எஸ். ஹரீஷின் 'மீச' வேறு வகை. கடல்மட்டத்துக்கும் கீழே கிடக்கும் குட்டநாட்டு வயல்கள். அங்கே நாடகமொன்றில் போலீஸ்காரனாக வந்து ஒரு சத்தம் போட வாய்ப்புப் பெறும் தாழ்த்தப்பட்ட சாதி இளைஞன் வாவச்சன். வேஷத்துக்காக வளர்த்த மீசையை அவன் எடுக்க மறுக்கிறான். மேல்சாதியினருக்கு அந்த மீசையே கலகம். மலாயாவுக்குப் போக வழிதேடி அலையும் அவன் வாய்க்கு வாய் வளர்ந்து பூதமாகிறான். ஜெயஸ்ரீ களத்திலின் மொழிபெயர்ப்பில் 2020இல் ஜே.சி.பி. பரிசு பெற்ற நாவல்.

தண்ணீரும் சேறும் மீனும் முதலையும் பாட்டும் வதந்தியுமாக, கேரளத்தின் சுற்றுலா விளம்பரங்களில் காணக் கிடைக்காத குட்டநாடு இதில் இருக்கிறது. ஆனால் கதை கால்வாய்க்குக் கால்வாய் கிளை பிரிகிறது. வழி தவறும் வாசகரைக் கைதூக்கிவிட ஆசிரியர் மெனக்கெடவில்லை. பெண்கள் பெரும்பாலும் ஆண்களின் கண்வழியாகவே வந்துபோகிறார்கள். ஆண் அதிகாரத்தைக் கேலி செய்யும் நாவல் என்பது சரியான பதில்தான். அது முழுப் பதில் அல்ல.

2023இல் ஜே.சி.பி. பரிசு வென்ற 'ஃபயர் பேர்ட்' தமிழ் வாசகருக்குப் புதிய புத்தகமே அல்ல. பெருமாள்முருகன் 2012இல் வெளியிட்ட 'ஆளண்டாப் பட்சி'யின் ஆங்கில வடிவம். மொழிபெயர்த்தவர் ஜனனி கண்ணன். பங்குபிரித்ததில் ஏமாற்றப்பட்டு, அண்ணனால் மனைவிக்கு நேர்ந்த அவமானத்தையும் சுமந்துகொண்டு, மாட்டுவண்டியில் புது நிலம் தேடிப் புறப்படுகிறான் முத்து. உடன் வருபவர் குப்பன் என்ற முதிய பண்ணையாள். நிலம் தேடும் கதைக்குள், ஒரே வண்டியில் போகும் இருவருக்கும் நடுவே சாதி போட்ட கோடு எங்கே அழிகிறது, எங்கே மறுபடியும் முளைக்கிறது என்பதே உண்மையான கதை.

தமிழில் படித்தவர் ஆங்கிலத்தில் படித்தால் கொங்குப் பேச்சின் வாசனை குறைந்திருப்பதை உடனே உணர்வார். குறை மொழிபெயர்ப்பாளருடையது அல்ல. 'ங்க' போட்டுப் பேசும் மரியாதைக்கும், போடாத பேச்சின் சாதிக்கும் ஆங்கிலத்தில் இடமில்லை. ஆனாலும் டெல்லியிலும் மும்பையிலும் பிறந்து, தமிழ் பேசத் தெரிந்து, படிக்கத் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாத்தாவின் ஊரை அறிய இந்த ஆங்கிலப் புத்தகமே வாசல். அது வருத்தத்துக்குரிய உண்மை, உதவியான உண்மையும்கூட.

ஆங்கிலக்காரர்கள்

நேரடியாக ஆங்கிலத்தில் எழுதுபவர்களில் 2025இல் அதிகம் பேசப்பட்டவர்கள் இருவர். 2006இல் புக்கர் பரிசு பெற்ற கிரண் தேசாய் ஏறத்தாழ இருபது ஆண்டு மௌனத்துக்குப் பின் 'சோனியா, சன்னி ஆகியோரின் தனிமை' பற்றிய பெருநாவலோடு வந்தார். அது அந்த ஆண்டு புக்கர் இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. அமெரிக்காவில் தனியாகத் தவிக்கும் இரு இந்திய இளைஞர்களுக்கு ஊரில் பெரியவர்கள் சம்பந்தம் பேசுவதில் தொடங்குகிறது கதை. அந்தப் பெரியவர்கள் வரும் பக்கங்கள் அபாரம். சமையல்காரர், கபாப், பழைய பகை, வறட்டுக் கௌரவம் எல்லாம் உயிரோடு நடமாடுகின்றன. இளைஞர்களின் தனிமை மட்டும் சற்று நீளம். தனிமையைப் பற்றி எழுதும்போது வாசகரையும் தனியே விட்டுவிடக் கூடாது.

அருந்ததி ராய் தன் தாய் மேரி ராயைப் பற்றி எழுதிய 'மதர் மேரி கம்ஸ் டு மீ' கறாரான புத்தகம். சிரியன் கிறிஸ்தவப் பெண்களுக்குத் தந்தையின் சொத்தில் சம உரிமை கோரி உச்ச நீதிமன்றம் வரை சென்று 1986இல் வென்றவர் மேரி ராய். கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நிறுவி நடத்தியவர். 2022 செப்டம்பரில் காலமானார். ஊருக்கெல்லாம் வீராங்கனையான அந்தப் பெண்மணி வீட்டில் எவ்வளவு கொடூரமாக இருக்க முடிந்தது என்பதை மகள் மறைக்கவில்லை. கணவனைப் பிரிந்து, ஆஸ்துமாவோடு, ஊட்டியில் தந்தையின் வீட்டில் இரண்டு குழந்தைகளோடு அவர் ஒண்டிக்கொண்ட நாட்களைப் படிக்கும்போது பிற்காலத்து வழக்கின் வேர் எங்கே என்பது புரிகிறது. தியாகத்தின் திருவுருவமாகவே அம்மாவை வணங்கிப் பழகிய சமூகத்துக்கு இப்படி ஒரு புத்தகம் தேவை. தாய் பின்னுக்குப் போய், எழுத்தாளரின் அரசியல் பயணங்கள் முன்னுக்கு வரும் பகுதியில், ஏற்கனவே அவரது கட்டுரைகளைப் படித்தவருக்குப் புதிதாகக் கிடைப்பது குறைவு. தாய் திரும்பி வரும்போதெல்லாம் புத்தகமும் நிமிர்கிறது.

2024இல் ஜே.சி.பி. பரிசு பெற்ற உபமன்யு சாட்டர்ஜியின் நாவல் இன்னொரு விசித்திரம். இந்திய அதிகாரவர்க்கத்தை எள்ளி நகையாடிப் பெயர் பெற்றவர் இம்முறை எழுதியிருப்பது விபத்தில் அடிபட்டு, மடத்தில் சேர்ந்து, வங்கதேசத்துக்கு வரும் லொரென்சோ என்ற இத்தாலிய இளைஞனின் கதை. இந்தியாவே இல்லாத இந்திய நாவல். நிதானமானது, நேர்மையானது. பழைய நையாண்டியை எதிர்பார்ப்பவர் ஏமாறுவார்.

சின்னது அழகு

வாசகரைக் கேட்டால், சமீபத்திய இந்தியப் புனைகதையில் மிகக் குறைந்த பக்கங்களில் மிக அதிகம் சாதித்தவர் கன்னடத்தின் விவேக் ஷான்பாக். 2013இல் வந்த அவரது 'காச்சர் கோச்சர்' இரண்டு இரவில் முடிந்துவிடும் குறுநாவல். பெங்களூரில் எறும்பு புழங்கிய சின்ன வீட்டிலிருந்து மசாலா வியாபாரத்தால் மேலே வரும் குடும்பம். பணம் வந்ததும் அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கதை. கடைசிப் பக்கத்தில் முதுகு சில்லிடும். அவரது 'சகினாஸ் கிஸ்' 2023இல் ஆங்கிலத்தில் வந்தது. சுயமுன்னேற்றப் புத்தகங்கள் படித்து முன்னுக்கு வந்த நடுத்தர வர்க்கக் கணவன் தன் மனைவியையும் மகளையும் கடைசிவரை புரிந்துகொள்ளாத கதை. முடிச்சுகள் அவிழாமலேயே நின்றுவிடுவது சிலருக்கு எரிச்சல் தரும். இரண்டையும் ஆங்கிலத்தில் தந்தவர் ஸ்ரீநாத் பேரூர்.

'காச்சர் கோச்சர்' கன்னடத்திலிருந்து நேராகத் தமிழுக்கும் வந்தது, கே. நல்லதம்பியின் மொழிபெயர்ப்பில். இங்கேதான் தமிழ் வாசகரின் நிஜமான மனக்குறை தொடங்குகிறது. ஹாசன், தமிழக எல்லையிலிருந்து ஒரு நாள் பயணம்கூட இல்லை. ஆனால் ஹாசனில் எழுதப்பட்ட கதை லண்டனில் பரிசு வாங்கிய பிறகுதான் சென்னையில் பேச்சாகிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. காண்டேகரை மராத்தியிலிருந்து கா.ஸ்ரீ.ஸ்ரீ. தமிழுக்குக் கொண்டுவந்தார். வங்காளத்திலிருந்து த.நா. குமாரசாமியும் த.நா. சேனாபதியும் கொண்டுவந்தார்கள். தமிழர் வீடுகளில் பிள்ளைகளுக்கு வங்க, மராத்தி நாவல் பாத்திரங்களின் பெயர்களைச் சூட்டிய காலம் அது. அதன் பிறகும் நேஷனல் புக் டிரஸ்ட் வழியே சு. கிருஷ்ணமூர்த்தியின் 'நீலகண்டப் பறவையைத் தேடி', சௌரியின் 'அக்னி நதி' போன்றவை வந்தன. அவற்றுக்கு யாரும் முத்திரை குத்தித் தரவில்லை. பக்கத்து மொழியைக் கற்று, பிடித்ததை மொழிபெயர்த்து, பத்திரிகைக்கோ பதிப்பாளருக்கோ கொடுத்த மனிதர்கள் இருந்தார்கள். இன்றும் இருக்கிறார்கள், அவர்களது கூலிதான் பேசத் தக்கதாக இல்லை. நேமிசந்திராவின் கன்னட நாவலைத் தமிழாக்கியதற்காக 2022ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசு பெற்ற நல்லதம்பி போன்றவர்கள் விதிவிலக்குகளாகவே நீடிக்கக் கூடாது.

மூடிவைக்கும் உரிமை

புத்தகம் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கும் புத்தகமே இருக்கக் கூடாது என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு இந்த நாட்டில் அடிக்கடி மறந்துபோகிறது. 'மீச' 2018இல் மலையாள வாரப் பத்திரிகையில் தொடராக வந்தபோது ஒரு பாத்திரம் பேசிய வசனத்துக்காக மிரட்டல் கிளம்பி, மூன்று அத்தியாயங்களோடு நிறுத்தப்பட்டது. புத்தகமாக வந்ததைத் தடை செய்யக் கோரிய மனுவை அந்த ஆண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 'மாதொருபாகன்' விவகாரத்தில் 2015இல் எழுதுவதையே நிறுத்துவதாக அறிவித்த பெருமாள்முருகனை 2016 ஜூலையில் மீண்டும் எழுதும் நிலைக்குக் கொண்டுவந்தது சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு. பிடிக்காத புத்தகத்தைப் படிக்கும்படி யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, மூடிவைத்துவிடலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

மூடிவைக்கும் உரிமையைச் சரியாகப் பயன்படுத்துபவரே உண்மையான வாசகர். அவர் 200 பக்கம் படித்துவிட்டு, 'எனக்கு ஒட்டவில்லை, காரணம் இது' என்று சொல்லும்போது எழுத்தாளருக்கு அவமானம் எதுவும் நேர்ந்துவிடவில்லை. மாறாக, ஒரு பக்கம்கூடப் படிக்காமல் கொளுத்துகிறவர்களுக்கும் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் மாலை போடுகிறவர்களுக்கும் நடுவே புத்தகத்தைப் புத்தகமாக மதித்தவர் அவர் ஒருவரே.

ஆகவே, யாராவது வந்து எதைப் படிக்கலாம் என்று கேட்டால் நமது வாசகரின் யோசனை எளிமையானது. 'காச்சர் கோச்சர்' தமிழிலேயே கிடைக்கிறது, அதில் தொடங்குங்கள். 'ஹார்ட் லேம்ப்' வாரத்துக்கு ஒரு கதை. அருந்ததி ராயை அம்மாவோடு சண்டை போட்டிருப்பவர்கள் அனைவரும் படிக்கலாம். 'ஆளண்டாப் பட்சி'யைத் தமிழில் படியுங்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பிரதியை வாங்கிக்கொடுத்துப் பிறகு சேர்ந்து பேசுங்கள். 'ரேத் சமாதி'யை நீண்ட விடுமுறைக்கு ஒதுக்கி வையுங்கள். முதல் பகுதியில் பொறுமை போனால் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். அந்தக் கிழவி கட்டாயம் எழுந்திருப்பாள்.